மூன்றாண்டுக்குள் அடங்காத நோய்கள்: ஆய்வு நிதிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆய்வு நிதி வழங்கும் குழுக்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

நான் ஒரு நோயெதிர்ப்பியல் ஆய்வாளர். உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலம் அந்த உடலையே தாக்கத் தொடங்கும் நோய்கள்தான் என் வேலை. அதிலும் பெரும்பாலும், தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ். உங்களிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. எங்களுக்குக் கொடுக்கும் நிதியின் காலத்தை இந்த நோய்களின் போக்குக்கு ஏற்றபடி நீட்டுங்கள். தொகையைக் கூட்டச் சொல்லவில்லை. அதே தொகையை ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பிரித்துக் கொடுத்தால்கூட இந்தத் துறையில் நடக்கும் வேலையின் தரமே மாறிவிடும்.

உங்களில் பலர் வேறு துறைகளிலிருந்து வந்தவர்கள். தன்னுடல் தாக்கு நோய் என்றால் எங்கோ ஒருவருக்கு வரும் அரிய நோய் என்ற எண்ணம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. பிரிட்டனில் 2.2 கோடி பேரின் மருத்துவப் பதிவுகளை அலசிய ஆய்வு ஒன்று 2023-ல் லான்செட் இதழில் வந்தது. 19 நோய்களை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். அதற்கே ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒன்று இருந்தது. பெண்களில் 13 விழுக்காடு, ஆண்களில் 7 விழுக்காடு. தைராய்டு நோய்களில் சில, முடக்குவாதம், டைப் 1 சர்க்கரை நோய், சொரியாசிஸ், லூபஸ், நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் எல்லாம் இந்தக் குடும்பம்தான். பெரும்பாலானவற்றுக்கு முழுத் தீர்வு கிடையாது. வந்தால் ஆயுள் முழுக்கக் கூடவே இருக்கும். சில ஆண்டுகள் அடங்கிக் கிடக்கும், அப்புறம் ஒருநாள் தலைதூக்கும்.

அப்படிப்பட்ட நோயை ஆராய நீங்கள் கொடுப்பது மூன்று ஆண்டு. அதில் முதல் ஆறு மாதம் ஆள் எடுப்பதிலும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலிலும், கருவி வாங்குவதிலும் போகிறது. கடைசி ஆறு மாதம் அடுத்த நிதிக்கு விண்ணப்பம் எழுதுவதில் போகிறது. நடுவில் மிஞ்சுவது இரண்டு ஆண்டு. ஒரு லூபஸ் நோயாளி இரண்டு ஆண்டு முழுக்க நன்றாகவே இருக்கலாம். அவருக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் நோய் எப்படிக் கிளம்புகிறது என்பதை அவரிடமிருந்து கற்றுக்கொள்ள இரண்டு ஆண்டு போதாது.

இந்தத் துறை எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். 1900-ஐ ஒட்டி ஜெர்மானிய அறிவியலாளர் பால் எர்லிக் ஆடுகளுக்கு வேறு ஆடுகளின் ரத்தத்தைச் செலுத்திப் பார்த்தார். அயல் ஆட்டின் சிவப்பணுக்களுக்கு எதிராக ஆன்டிபாடி, அதாவது அயலானதைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம், உண்டானது. சொந்தச் சிவப்பணுக்களுக்கு எதிராக உண்டாகவில்லை. உடல் தன்னைத் தாக்கிக்கொள்ளாதபடி தடுக்கும் ஏற்பாடு ஏதோ இருக்க வேண்டும் என்றார் அவர். பின்னால் வந்தவர்கள் அதை, அப்படியொரு நோயே இருக்க முடியாது என்று சட்டம்போல எடுத்துக்கொண்டார்கள். 1904-லேயே டோனாத்தும் லாண்ட்ஸ்டைனரும், குளிர் பட்டால் சிவப்பணுக்கள் உடையும் ஒரு நோய்க்கு நோயாளியின் சொந்த ஆன்டிபாடிதான் காரணம் என்று காட்டியிருந்தார்கள். இருந்தும் பழைய கருத்து அரை நூற்றாண்டு அசையவில்லை.

அதை அசைத்தவர்களில் ஒருவர் நோயல் ரோஸ். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பஃபலோவில், எர்னஸ்ட் விட்டெப்ஸ்கியின் ஆய்வகத்தில் இளம் ஆய்வாளராக இருந்தார். விட்டெப்ஸ்கி எர்லிக்கின் மரபில் வந்தவர். முயலின் தைராய்டிலிருந்து பிரித்த தைரோகுளோபுலின் என்ற புரதத்தை முயலுக்கே செலுத்தியபோது அதற்கு எதிராக ஆன்டிபாடி வந்தது. வேறு முயலின் தைராய்டு என்பதால் அப்படி ஆகியிருக்குமோ? அந்தச் சந்தேகத்துக்கும் இடம் வைக்கவில்லை. ஒரு முயலின் தைராய்டில் ஒரு பகுதியை வெட்டியெடுத்து, சாறாக்கி, அதே முயலுக்கு ஊசியாகப் போட்டார்கள். பிறகு கழுத்தில் மிச்சமிருந்த தைராய்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், திசுவுக்குள் வெள்ளையணுக்கள் கூட்டம் கூட்டமாகப் புகுந்திருந்தன. ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ 1912-ல் மனிதர்களிடம் விவரித்த தைராய்டு நோயின் அதே காட்சி.

விட்டெப்ஸ்கி உடனே வெளியிட ஒப்பவில்லை. இன்னொரு முறை செய், இன்னும் ஒரு முறை செய் என்றார். தாம் வளர்ந்த மரபையே புரட்டிப்போடும் முடிவு என்பதால் அவ்வளவு கவனம். சில ஆண்டுகள் அப்படியே போயின. கட்டுரைகள் வெளிவந்தது 1956-ல். அதே ஆண்டில் லண்டனில் ரோய்ட், டோனியாக், கேம்பெல் மூவரும் ஹாஷிமோட்டோ நோயாளிகளின் ரத்தத்தில் தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பதைக் கண்டு சொன்னார்கள். முயலில் கண்டதும் மனிதரில் கண்டதும் ஒன்றோடொன்று பொருந்தின. இன்று எந்த மருத்துவரும் சாதாரணமாக எழுதிக்கொடுக்கும் தைராய்டு ஆன்டிபாடி பரிசோதனைக்குத் தொடக்கம் அங்கேதான். 2020-ல் தம் 92-ஆம் வயதில் இறந்த ரோஸ், அந்த முயல்களுக்குப் பிறகு தம் வாழ்நாளை இந்த நோய்களுக்கே கொடுத்தார்.

உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: "ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் எட்டப்படும் புதிய இலக்கு". ரோஸ் அதை நிரப்ப நேர்ந்திருந்தால், முன்பு செய்த அதே சோதனையை மறுபடியும் செய்தோம் என்றுதான் எழுதியிருக்க முடியும். அந்தச் சோதனைகளுக்கு அறிவியலில் இவ்வளவு மதிப்பு இருக்கிறது. உங்கள் கட்டத்தில் அதற்கு மதிப்பெண் கிடையாது.

அடுத்து ஜப்பானிய நோயெதிர்ப்பியலாளர் ஷிமோன் சகாகுச்சி. 2025-ல் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவரோடு சேர்ந்து மருத்துவ நோபல் பரிசு பெற்றவர். பரிசு அறிவித்த நாளில் உங்களில் பலர் வாழ்த்துச் சொன்னீர்கள். அந்தப் பரிசுக்கு முன்னால் இருந்த ஆண்டுகளையும் ஒருமுறை பாருங்கள்.

1969-ல் ஜப்பானில் நிஷிசுகாவும் சகாகுராவும் விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள். பிறந்து மூன்றாம் நாள் எலிக்குஞ்சின் தைமஸ் சுரப்பியை எடுத்துவிட்டால், வளர்ந்த பிறகு அதன் சினைப்பை அழிந்துபோகிறது. ஏழாம் நாள் எடுத்தால் ஒன்றும் ஆவதில்லை. மூன்றாம் நாள் எலிக்குஞ்சு சில கிராம் எடைகூட இருக்காது. மார்பெலும்புக்குப் பின்னால் வெளிர்நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சுரப்பியை நுண்ணோக்கியின் கீழ் நுண்குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். கை பழகவே மாதக்கணக்கில் ஆகும். நோயெதிர்ப்பு அணுக்கள் பயிற்சி பெறும் சுரப்பியை எடுத்தால் எதிர்ப்பு குறையத்தானே வேண்டும், ஏன் தாக்குதல் கூடுகிறது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார் இளைஞர் சகாகுச்சி. தைமஸில் பயிற்சி பெறும் வெள்ளையணுக்கள்தான் டி செல்கள். நல்ல எலியின் டி செல்களை அந்த எலிகளுக்குக் கொடுத்தால் நோய் வரவில்லை. அப்படியானால் டி செல்களிலேயே தாக்குதலை அடக்கிவைக்கும் ஒரு வகை இருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் அப்படிச் சொல்வது எளிதாக இருக்கவில்லை. 1970-களில் 'சப்ரஸர் டி செல்' என்ற பெயரில் இதே போன்ற கருத்து பெரிதாகப் பேசப்பட்டது. 1980-களில், அவற்றுக்கு ஆதாரம் என்று நம்பிய மரபணு இருக்க வேண்டிய இடத்தில் இல்லவே இல்லை என்று தெரிந்ததும் அது சரிந்து விழுந்தது. அதோடு சேர்த்து, அடக்கும் டி செல் என்ற எண்ணத்தையே பெரும்பாலோர் கைவிட்டார்கள். சகாகுச்சி விடவில்லை. 1985-ல் ஒரு கட்டுரை. அணுவின் மேற்பரப்பில் இருக்கும் சிடி25 என்ற அடையாளப் புரதத்தைக் கொண்டு அந்த அணுக்களைத் தனியே பிரித்துக் காட்டிய கட்டுரை 1995-ல். நடுவில் பத்து ஆண்டு. அந்த இடைவெளியில் அவரைத் தாங்கியவற்றில் ஒன்று, அமெரிக்காவில் இளம் ஆய்வாளர்களுக்கென மார்க்கி அறக்கட்டளை கொடுத்துவந்த நீண்டகால நிதி. எட்டு ஆண்டுக்கானது. துறையே திரும்பிப் பார்க்காத ஒரு கேள்வியோடு ஒருவர் உட்கார்ந்திருக்க முடிந்ததற்கு அந்த எட்டு ஆண்டு எவ்வளவு உதவியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதியே அதுதான்.

பரிசின் மறுபக்கத்தில் இன்னொரு நீண்ட காத்திருப்பு இருக்கிறது. 1940-களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் செதில் செதிலான தோலோடு சில ஆண் எலிகள் பிறந்தன. சில வாரங்களில் இறந்துபோயின. குறை எக்ஸ் குரோமோசோமில் இருந்ததால் பெண் எலிகள் பிழைத்து அதைச் சந்ததிக்குக் கடத்தின. அந்த எலி வம்சத்தை யாரோ பல பத்தாண்டுகள் விடாமல் வளர்த்துவந்தார்கள். 1990-களில் ஒரு மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த பிரன்கோவும் ராம்ஸ்டெலும் அந்தக் குறையைத் தேடிப் புறப்பட்டார்கள். தேட வேண்டிய பகுதியை மெல்ல மெல்லச் சுருக்கி 20 மரபணுக்களுக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசி மரபணுவில் பிழையைக் கண்டார்கள். 2001-ல் வெளியான அந்த மரபணுதான் ஃபாக்ஸ்பி3. குழந்தைகளுக்கு வரும் ஐபெக்ஸ் என்ற கடும் தன்னுடல் தாக்கு நோய்க்கும் அதுவே காரணம். அடக்கும் டி செல்களை உருவாக்கும் தலைமை மரபணுவும் அதுவே என்று 2003-ல் தெரிந்தது. எலிக்கூண்டுகளுக்கு நிதி வேண்டாம் என்று நடுவில் ஒரு குழு முடிவெடுத்திருந்தால் இந்தத் தேடல் எங்கே தொடங்கியிருக்கும்?

இப்போது என் வேலைக்கு வருகிறேன். பிறரின் பெருமையைச் சொல்லி என் கோரிக்கையை நகர்த்துவதாக நினைக்க வேண்டாம். எங்கள் அன்றாடம் எவ்வளவு சின்ன விஷயங்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

லூபஸ் நோயாளிகள் எங்கள் ஆய்வுக்கு ரத்தம் கொடுக்கிறார்கள். நோய் அடங்கியிருக்கும்போதும், கிளம்பும்போதும், இடையிலும் எடுக்கிறோம். குழாய் வந்த சில மணி நேரத்துக்குள் வேலை நடக்க வேண்டும். ரத்தத்தை நீர்க்கச் செய்து, அணுக்களை அடர்த்திவாரியாகப் பிரிக்க உதவும் ஃபிகால் திரவத்தின்மேல் கலங்காமல் சாய்த்து ஊற்றி, சுழற்றியில் வைக்கிறோம். வெளியே எடுத்தால் அடியில் சிவப்பணுக்கள், மேலே மஞ்சள் பிளாஸ்மா, நடுவில் மெல்லிய வெண்ணிற வளையம். எங்களுக்கு வேண்டிய டி செல்களும் பி செல்களும் அந்த வளையத்தில்தான். பிப்பெட்டால் அதை மட்டும் உறிஞ்ச வேண்டும். கை சற்று ஆடினால் கீழே உள்ளதும் கலந்துவரும். பிறகு கழுவி, எண்ணி, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெல்லக் குளிரவைத்து, கடைசியில் திரவ நைட்ரஜனில் வைக்கிறோம். அவசரப்பட்டு உறையவைத்தால், பின்னால் எடுத்துப் பார்க்கும்போது பாதி அணு செத்திருக்கும்.

இதைப் பல ஆண்டு ஒரே சீராகச் செய்துவந்த ஆய்வக உதவியாளர் ஒருவர் எங்களிடம் இருந்தார். சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் நிதி முடிந்தது. தொடர்ச்சிக்கு விண்ணப்பித்தோம். இத்திட்டம் ஏற்கெனவே நடக்கும் மாதிரி சேகரிப்பைத் தொடர்வதாக மட்டுமே உள்ளது, புதுமை போதவில்லை என்று குறிப்பு வந்தது. மறுபடி எழுதி, வேறிடத்திலிருந்து பணம் வந்து சேர்வதற்குள் அவரை வைத்துக்கொள்ளச் சம்பளம் இல்லை. போய்விட்டார். குடும்பம் இருக்கிறது, போகாமல் என்ன செய்வார்? அந்த இடைவெளியில்தான், நெடுநாளாக நாங்கள் பின்தொடர்ந்த நோயாளிகள் சிலருக்கு நோய் கிளம்பியது. அவர்களுடைய பழைய மாதிரிகள் எல்லாம் இருக்கின்றன. நோய் கிளம்புவதற்குச் சற்று முந்தைய மாதிரி மட்டும் இல்லை. எங்களுக்கு வேண்டியது அதுதான். அதை இனி எந்த நிதியாலும் வாங்க முடியாது. ஒரு நோயாளி, ஏன் இப்போதெல்லாம் ரத்தம் எடுக்கக் கூப்பிடுவதில்லை என்று மருத்துவரிடம் கேட்டிருக்கிறார். இன்னொருவருக்காவது பயன்படட்டும் என்றுதான் கை நீட்டுகிறார்கள். அந்த நம்பிக்கையை இடையில் அறுக்க நமக்கு உரிமை இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

சேமித்து வைத்த மாதிரி என்ன செய்யும் என்பதற்கு ஒரே ஒரு உறைபெட்டிக் கிடங்கைச் சொன்னால் போதும். அமெரிக்க ராணுவத்தினரிடம் எச்ஐவி பரிசோதனைக்காக அவ்வப்போது ரத்தம் எடுத்து, மிச்ச சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் நீரை, பாதுகாத்து வந்தார்கள். லூபஸ் வந்த 130 ராணுவத்தினரின் பழைய சீரத்தை எடுத்துப் பார்த்த ஆய்வு 2003-ல் வெளியானது. அவர்களில் 115 பேருக்கு, நோய் கண்டறியப்படும் முன்பே ஏதாவது ஒரு தன்னெதிர்ப்பு ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்தது. சிலருக்கு ஒன்பது ஆண்டுக்கும் முன்பே. அதாவது நோய் வெளியே தெரிவதற்குப் பல ஆண்டு முன்பே உள்ளே தொடங்கிவிடுகிறது. 2022-ல் அதே கிடங்கிலிருந்து இன்னொரு முடிவு வந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளிலிருந்து மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் வந்தவர்களைத் தேடியெடுத்து, அவர்களின் பழைய சீரத்தை அலசினார்கள். பெரும்பாலோருக்குத் தொற்றும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு அந்த நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுவதாகத் தெரிந்தது. அந்தக் குழாய்களை மூடி வைத்தபோது இந்த இரண்டு கேள்விகளும் யார் மனதிலும் இல்லை. சேகரிப்பு மட்டும்தானே என்று எழுதும் மதிப்பீட்டாளர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தோல்வி என்று முத்திரை குத்துவதிலும் அவசரம் காட்டுகிறோம். டெப்லிசுமாப் என்ற மருந்து டைப் 1 சர்க்கரை நோயில் கணையத்தைத் தாக்கும் டி செல்களைத் தணிக்கும் ஆன்டிபாடி. முதல் நம்பிக்கையான முடிவு 2002-ல் வந்தது. 2010-ல் பெரிய மூன்றாம் கட்டச் சோதனை குறித்த இலக்கை எட்டவில்லை. பணம் போட்ட நிறுவனம் விலகியது. அத்தோடு கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். அந்த மருந்தை ஆராய்ந்துவந்த கெவன் ஹெரால்டும் அவரோடு இருந்தவர்களும் கேள்வியை மாற்றினார்கள். நோய் வந்தபின் கொடுப்பதைவிட, வரப்போகிறது என்று ரத்தமே சொல்லும் நிலையில் கொடுத்தால் என்ன? 2011-ல் ஆள் சேர்க்கத் தொடங்கினார்கள். தகுதியான 76 பேரைச் சேர்த்து முடிக்க ஏழு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 2019-ல் வெளியான முடிவின்படி, 14 நாள் மருந்து நோயைச் சராசரியாக இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டது. 2022 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எட்டு வயதுக் குழந்தை பத்து வயதுவரை இன்சுலின் ஊசி இல்லாமல் இருப்பது அந்த வீட்டில் எவ்வளவு பெரிய விஷயம்! உங்கள் மூன்றாண்டுக் கணக்கில் அந்தச் சோதனை ஆள் சேர்த்து முடிப்பதற்குள் இரண்டு முறை முடிவுக்கு வந்திருக்கும்.

நீண்ட நிதி கொடுத்தால் ஆய்வாளர் மெத்தனமாகிவிடுவார் என்று உங்களில் சிலர் சொல்வது எனக்குத் தெரியும். நியாயமான கவலைதான், பொதுப்பணம். ஆனால் இதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பொருளியலாளர் அசூலேவும் உடன் ஆய்வாளர்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு, நபரை நம்பி நீண்ட காலத்துக்கு நிதி தரும் அமெரிக்காவின் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்களை, வழக்கமான குறுகிய நிதி பெற்ற அதே தகுதியுள்ளவர்களோடு ஒப்பிட்டது. நீண்ட நிதி பெற்றவர்களிடமிருந்து பெரிய தாக்கம் உண்டாக்கிய கட்டுரைகள் கூடுதலாக வந்தன. எடுபடாமல் போனவையும் கூடுதலாக வந்தன. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். புதிய இடத்தில் தேடினால் இரண்டும்தான் நடக்கும்.

கண்காணிப்பு வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. எட்டு ஆண்டு கொடுங்கள். நான்காம் ஆண்டில் ஆய்வகத்துக்கே வந்து பாருங்கள். உறைபெட்டிப் பதிவேட்டைத் திறந்து காட்டுகிறோம். மாதிரிகள் ஒழுங்காக இருக்கின்றனவா, சோதனைகள் திரும்பச் செய்யப்பட்டனவா, முடிவு பொய்த்தபோது அதை எழுதி வைத்திருக்கிறோமா என்று கேளுங்கள். எத்தனை கட்டுரை என்பதைவிட அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது கடினம். சரியாக நடக்காத ஆய்வகத்தை நான்காம் ஆண்டிலேயே நிறுத்துங்கள், நான் எதிர்க்க மாட்டேன்.

மாதிரிக் கிடங்குக்கும் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும் திட்ட நிதியிலிருந்து பிரித்துத் தனி நிதி ஒதுக்குங்கள். திட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை அது நிற்கக் கூடாது. பிறர் முடிவை அப்படியே திரும்பச் செய்து பார்க்கும் ஆய்வுகளுக்கும் தகுதிப் பட்டியலில் இடம் கொடுங்கள். விண்ணப்பங்களை எடைபோடும் குழுவில் இந்த நோயோடு வாழும் ஒருவராவது உட்கார வேண்டும். இரண்டு கிளம்பல்களுக்கு இடையே எவ்வளவு காலம் போகும் என்பதை அவர் அனுபவத்திலிருந்து சொல்வார்.

அடுத்த சுற்றுக்கான விண்ணப்பப் படிவத்தை நீங்கள் இறுதி செய்யும் கூட்டத்தில் இந்த மடலையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டுகிறேன். நேரில் வந்து விளக்கவும், எங்கள் பதிவேடுகளைக் காட்டவும் தயாராக இருக்கிறேன். இதே துறையில் இருக்கும் வேறு ஆய்வகத்தினரும் என்னோடு வர இசைந்திருக்கிறார்கள். நாளும் நேரமும் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
தன்னுடல் தாக்கு நோய்களை ஆராயும் ஒரு நோயெதிர்ப்பியல் ஆய்வாளர்